எம்.சி. (மருத்துவச் சான்று) இருந்தால் போதுமா? வேலையிடப் பேச்சு குறித்து வாசகர் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத்து மாணவர்களும் பெற்றோர்களும் ஆசிரியர்களும் அனுப்பியவற்றில் ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்ட பிறகு நம் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு வேலை வாசலருகே வந்துவிட்டது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆங்கிலம் பற்றிக் கவலைப்படுகின்றன. என் கவலை வேறு: தெரிந்த மொழியில்கூடச் சொல்ல வேண்டியவரிடம் சொல்ல வேண்டிய நேரத்தில் நம் பிள்ளைகள் சொல்வதில்லை.

இடைநிலைப்பள்ளியில் படிவம் ஐந்து மாணவர்களுக்கு வேலையிடத் தொடர்புத்திறனைக் கற்பிக்க விரும்புகிறேன். பலருக்கு ஆங்கிலம் தடுமாறுகிறது. எங்கிருந்து தொடங்குவது? (ஆசிரியை, லூனாஸ்)

ஆங்கிலத்திலிருந்து தொடங்க வேண்டாம். தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் வரிசையில்) நின்ற தலைமுறைக்கு வேலை என்பது மேலிருந்து வரும் சொல்லாகவே இருந்தது; மண்டோர் என்னும் கங்காணி சொன்னதைக் கேட்டுக்கொண்டு மரவரிசையான நிரைக்குப் போவது ஒழுங்கு, எதிர்க்கேள்வி கேட்பது துடுக்கு. அந்த அடக்கத்தையே மரியாதை என்று வீட்டில் பிள்ளைகளுக்கு ஊட்டினோம். இன்றைய தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ அதே மௌனத்தைப் பார்க்கும் மேலதிகாரி, இவனுக்குப் புரியவில்லை என்றோ அக்கறை இல்லை என்றோதான் எடுத்துக்கொள்கிறார். ஆகவே முதலில் பழக்க வேண்டியது, யாரும் கேட்காமலே தகவல் சொல்லும் வழக்கம்.

பள்ளியில் நடக்கும் உண்மையான வேலைகளையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுப் போட்டிக்கு நாற்காலி ஏற்பாடு செய்வது ஒரு மாணவனின் பொறுப்பு என்றால், வேலை தொடங்கும்போதும், தடை வரும்போதும், முடிந்த பிறகும் அவன் உங்களுக்குச் செய்தி எழுத வேண்டும். தடை வந்தபோது எழுதுவதுதான் முக்கியமானது. "60 நாற்காலி வேண்டிய இடத்தில் 40 வந்துள்ளன, மீதி நாளை காலை 10 மணிக்குத்தான் வரும் என்று கடைக்காரர் சொல்கிறார், ஒத்திகை 9 மணிக்கு என்பதால் மண்டபத்து நாற்காலிகளில் 20 எடுக்க அனுமதி வேண்டும்." நடந்தது, அதனால் வரும் பாதிப்பு, தேவைப்படும் முடிவு ஆகிய மூன்றும் இதில் உள்ளன. முதலில் தமிழில் எழுதச் சொல்லுங்கள், அடுத்து மலாயில், அதன் பிறகு ஆங்கிலத்தில். உள்ளடக்கம் ஒழுங்காகிவிட்டால் மொழியை மாற்றுவது அவர்கள் அஞ்சுகிற அளவுக்குக் கடினமில்லை. பல்கலைக்கழகம் செல்வோருக்கான எம்.யூ.இ.டி. என்னும் ஆங்கிலத் தேர்வுக்குத் தனிப் பயிற்சி தேவை என்பது உண்மைதான். அது வேறு பாடம்.

மதிப்பெண் கொடுக்கும்போது எழுத்துப்பிழையை எண்ணாதீர்கள். செய்தியைப் பெற்றவர் வேறொரு கேள்வி கேட்காமல் அடுத்த காரியத்தைச் செய்ய முடிகிறதா என்பதை மட்டும் பாருங்கள். மாணவர்களுக்குக் கழுத்துப்பட்டை மாட்டி ஒருநாள் பயிலரங்கு நடத்திச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதற்குச் செலவழியும் பணத்தில் சிற்றுண்டிக்குப் போகும் பங்குதான் பயனுள்ளது.

தொழிற்சாலையில் தொழிற்பயிற்சியில் இருக்கிறேன். மேற்பார்வையாளர் மலாயில் வேகமாகச் சொல்வதைப் புரியாமலே தலையாட்டிவிடுகிறேன். திரும்பக் கேட்டால் மட்டமாக நினைப்பாரோ? (பொலிடெக்னிக் மாணவர், கூலிம்)

தலையாட்டிவிட்டுத் தவறாகச் செய்தால்தான் மட்டமாக நினைப்பார். விமானி ஒருவர் கட்டுப்பாட்டுக் கோபுரம் தரும் ஓடுபாதை அனுமதியைத் தம் வாயால் திருப்பிச் சொல்லியாக வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. அதற்காக அவரை யாரும் மந்தம் என்பதில்லை. நீங்களும் அப்படியே செய்யலாம். "புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்று மொத்தமாகக் கேட்டால் அவர் அதே வேகத்தில் மறுபடியும் சொல்வார். "மூன்றாம் எந்திரத்தை நிறுத்திவிட்டு வடிகட்டியை மாற்ற வேண்டும் என்பது விளங்கியது; பழைய வடிகட்டியை எங்கே வைப்பது என்பது மட்டும் காதில் விழவில்லை" என்று விளங்கிய பகுதியைச் சொல்லி, விடுபட்டதை மட்டும் கேளுங்கள். சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் இருக்கட்டும். அன்றன்று எழுதினால் பயிற்சிக் குறிப்பேட்டையும் கடைசி வாரத்தில் கற்பனையிலிருந்து நிரப்ப வேண்டியிருக்காது.

எங்களுக்குக் காலை 7, இரவு 7 என்று இரண்டு ஷிப்டு. எந்திரத்தில் கோளாறு இருப்பதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். அடுத்த ஷிப்டுக்காரர் படிக்காமல் ஓட்டியதற்குப் பழி எனக்கு வந்தது. எழுதியது போதாதா? (தொழில்நுட்ப உதவியாளர், பாடாங் செராய்)

பழியை உங்கள்மீது மட்டும் போட்டது நியாயமில்லை. ஆனால் கேள்விக்குப் பதில், போதாது என்பதுதான்.

1988 ஜூலை 6ஆம் தேதி வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்னும் எண்ணெய் மேடை வெடித்து எரிந்து 167 பேர் இறந்தனர். அங்கிருந்த ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகல் ஷிப்டில் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். வேலை முடியாததால் அந்த இடத்தில் ஒரு தகட்டை வைத்து மூடிவிட்டுப் போனார்கள். அதற்கான பணி அனுமதிப் படிவமும் எழுதப்பட்டிருந்தது. ஆனால் வால்வு கழற்றப்பட்டிருக்கும் செய்தி இரவு ஷிப்டுக்கு நேரில் போய்ச் சேரவில்லை. இரவில் மற்றொரு பம்பு நின்றுபோகவே, இந்தப் பம்பு ஓடக்கூடியது என்று நம்பி இயக்கினார்கள். அந்த மூடியின் வழியாக வாயு கசிந்தது. காகிதம் எழுதப்பட்டிருந்தும் ஆட்களுக்குத் தெரியாமல் போனதைப் பின்னர் நடந்த விசாரணை விரிவாகவே பதிவு செய்தது.

ஆகவே கைமாற்றும்போது மூன்று காரியம் செய்யுங்கள். குறிப்பேட்டில் எழுதுங்கள், எந்திரத்தில் அட்டை மாட்டுங்கள், அடுத்தவரை எந்திரத்தின் முன்னால் நிறுத்தி எது ஓடுகிறது, எது நிற்கிறது, எது பாதியில் இருக்கிறது, எதைத் தொடக்கூடாது என்று சொல்லி அவர் வாயால் ஒருமுறை திருப்பிக் கேளுங்கள். பஸ் போய்விடும் என்ற அவசரம் எனக்குத் தெரியாததல்ல. கைமாற்றுவதற்கென்று பத்து நிமிடம் ஷிப்டு நேரத்திலேயே ஒதுக்கித் தரும்படி மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அது முதலாளி செய்து தர வேண்டிய ஏற்பாடு.

கோளாற்றைச் சொன்னால் வேலைக்கு ஆபத்து வருமோ என்று கடிதத்தின் கீழே கேட்டிருக்கிறீர்கள். பாதுகாப்பற்றது என்று கருதும் ஒன்றைப் பற்றிப் புகார் செய்ததற்காக ஊழியரை வேலை நீக்கம் செய்வதை 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தடுக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாகக் கருத நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை அகற்ற நடவடிக்கை எடுக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையும் 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் சேர்க்கப்பட்டுள்ளது.

தமிழ் சூப்பர்வைசரை வேலையிடத்தில் 'அண்ணே' என்று கூப்பிடலாமா? (பயிற்சியாளர், லூனாஸ்)

அவருக்குச் சம்மதம் என்றால் உங்கள் இருவருக்கும் இடையில் தாராளமாக. கூட்டத்திலும் பிறர் முன்னிலையிலும் என்சிக் (மலாயில் 'திரு') என்று பெயரோடு சேர்த்து அழையுங்கள். தமிழ் தெரியாத ஒருவர் உடன் நிற்கும்போது மலாய்க்கு மாறிக்கொள்ளுங்கள்.

மகனுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. கிளினிக்கில் எம்.சி. வாங்கியிருந்தான், நான்காம் நாள் கையோடு கொண்டுபோய்க் கொடுத்தான். விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். எம்.சி. இருந்தும் தவறா? (தாயார், பாடாங் செராய்)

தவறு, அம்மா. நோயுற்றதிலோ வீட்டில் படுத்திருந்ததிலோ தவறில்லை. சொல்லாமல் இருந்ததில்தான் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும் ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. ஆனால் மருத்துவர் சான்று கொடுத்திருந்தாலும், விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவோ தெரிவிக்க முயலவோ இல்லையென்றால், அனுமதியும் தகுந்த காரணமும் இல்லாமல் வராதவராகவே அந்தச் சட்டம் அவரைக் கருதுகிறது. அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு, முன் அனுமதியின்றித் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராமல், தகுந்த காரணத்தைத் தெரிவிக்கவும் முயலாதவர் வேலை ஒப்பந்தத்தை மீறியவராவார் என்கிறது. உங்கள் மகன் இந்த இரண்டு வரம்பையும் தாண்டிவிட்டார்.

'தெரிவிக்க முயன்றவர்' என்ற சொற்களுக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. போனில் பணம் தீர்ந்திருந்தால் நண்பர் மூலம் அனுப்பிய செய்தி, எடுக்கப்படாத அழைப்பின் பதிவு போன்ற ஏதாவது இருந்தால் அதைப் பதிலோடு இணைக்கச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லையென்றால் இல்லாததைப் புனைய வேண்டாம். எந்தெந்தத் தேதியில் நோய், எந்தக் கிளினிக், ஏன் தெரிவிக்கவில்லை, இனி யாருக்கு எத்தனை மணிக்குள் தெரிவிப்பேன் என்று அரைப் பக்கத்தில் எழுதி, கடிதத்தில் குறித்திருக்கும் நாளுக்குள் கொடுத்து, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளட்டும்.

இனிமேல் ஷிப்டு தொடங்குவதற்கு முன்பே இப்படி ஒரு செய்தி போனால் போதும்: "வணக்கம் என்சிக். காய்ச்சல் காரணமாக இன்று வேலைக்கு வர இயலவில்லை. கிளினிக்குக்குப் போகிறேன், எம்.சி. எத்தனை நாள் என்பதை மதியத்துக்குள் படம் எடுத்து அனுப்புகிறேன்." இதை அவர் மலாயில் எழுதிப் போனில் வைத்துக்கொள்ளட்டும். மருத்துவமனையில் படுத்திருந்தாலன்றி, அவருக்காக நீங்கள் மேலாளரை அழைக்க வேண்டாம்.

எஸ்.பி.எம். (படிவம் ஐந்து இறுதித் தேர்வு) முடித்துவிட்டேன். நேர்முகத் தேர்வில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றால் சொல்ல ஒன்றுமில்லை. அப்பாவோடு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியதுதான் என் அனுபவம். மேலும், விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கேட்கிறார்கள், நமக்கு ஏது? (மாணவி, பாடாங் செராய்)

உதிரிப் பழம் பொறுக்கியதை ஏன் மறைக்க வேண்டும்? பழம் தரையில் உதிர்ந்திருப்பதுதான் குலை பழுத்ததற்கு அடையாளம் என்பதும், உதிர்ந்ததைப் பொறுக்காமல் விட்டால் எண்ணெய் வீணாகிறது என்பதும், வெட்டிய குலை ஆலைக்குத் தாமதமாகப் போனால் எண்ணெயின் தரம் கெடுகிறது என்பதும் உங்களுக்கு அனுபவத்தில் தெரியும். தரக் கட்டுப்பாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் தேடுவது இந்தக் கண்ணைத்தான். "அப்பாவுக்கு உதவியாக இருந்தேன்" என்பதோடு நிறுத்திவிடாமல், நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, விளைவு என்ன என்ற வரிசையில் ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள். மூட்டைகளை எண்ணி எழுதி வைத்தீர்களா? கணக்கு வேறுபட்டபோது யாரிடம் போய்ச் சொன்னீர்கள்? அதைச் சொல்லுங்கள், ஒன்றரை நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். நடக்காததைச் சேர்த்தால் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். மனப்பாடம் செய்தும் ஒப்பிக்க வேண்டாம். இடையில் ஒரு கேள்வி விழுந்தால் இழையை விட்டுவிடுவீர்கள். தமிழில் அப்பாவிடம் ஒருமுறை, மலாயில் தோழியிடம் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

பெயர் விஷயம் எளிது. இணைய விண்ணப்பத்தில் முதற்பெயர் என்ற கட்டத்தில் உங்கள் பெயரையும், குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தந்தையார் பெயரையும் எழுதுங்கள். சாய்கோட்டை ஏற்காத படிவத்தில் ஏ/பி (இன்னாரின் மகள்) என்பதை விட்டுவிடலாம். வேலை ஒப்பந்தம், ஊழியர் சேம நிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்), வங்கிக் கணக்கு ஆகிய எல்லாவற்றிலும் அடையாள அட்டையான மைகார்டில் உள்ளது எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். சில நிறுவனங்களின் கணினி, குடும்பப் பெயரை வைத்தே மின்னஞ்சல் முகவரியை உருவாக்கிவிடும். அப்புறம் நீங்கள் இருக்கும் மேசையைத் தேடி வருபவர்கள் உங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். முதல் வாரத்திலேயே மனிதவளப் பிரிவில் சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். மின்னஞ்சலின் கீழே, எப்படி அழைக்கப்பட விரும்புகிறீர்களோ அந்தப் பெயரை எழுதுங்கள்.