வைரஸ் புரதத்தைப் பிடிக்கும் நுண்பட்டைகள்: கேள்வி பதில்

கேள்வி: ஒரு புரதம் ஒட்டினால் பட்டை வளையும் என்கிறார்கள். அதற்கு அவ்வளவு எடை ஏது?

பதில்: எடையால் வளைவதில்லை. ஒரு முனை மட்டும் பிடித்திருக்கும் சிலிக்கான் பட்டை அது. நீளம் 500 மைக்ரோமீட்டர், தடிமன் 1 மைக்ரோமீட்டர் என்பது வழக்கமான அளவு. ஒரு பக்கம் மட்டும் தங்கப் பூச்சு, அதன்மேல் நாம் தேடும் வைரஸ் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி. புரதங்கள் நெருக்கமாக வந்து ஒட்டும்போது அந்தப் பக்கத்தின் இழுவிசை மாறுகிறது, மறுபக்கம் அப்படியே இருக்கிறது. அதனால்தான் வளைவு. அதுவும் சில பத்து நானோமீட்டர்தான். நுனியில் லேசரை அடித்து, தெறிக்கும் ஒளிப்புள்ளி எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து அளக்கிறோம்.

கேள்வி: எடையை வைத்தே கண்டுபிடிக்க முடியாதா?

பதில்: முடியும். பட்டையை அதிரவிட்டால், ஏதாவது ஒட்டியதும் அதிர்வெண் குறையும். 2004இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பெரியம்மைத் தடுப்பூசியில் பயன்பட்ட வாக்சினியா வைரஸ் ஒன்றை, ஒற்றையாகவே, இப்படி எடை போட்டார்கள். சுமார் 10 ஃபெம்டோகிராம் (ஒரு ஃபெம்டோகிராம் என்பது கிராமில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு). ஆனால் அது காற்றில் அளந்தது. திரவத்துக்குள் அதிர்வு சீக்கிரம் அடங்கிவிடும், தனிப் புரதமோ வைரஸைவிடப் பல மடங்கு லேசானது. திரவ மாதிரி என்றால் நான் வளைவு முறையைத்தான் எடுப்பேன்.

கேள்வி: புரதமே சேர்க்கவில்லை, வெறும் பஃபர்தான் (அமிலத்தன்மை மாறாமல் வைக்கும் கரைசல்) ஓடுகிறது. ஆனாலும் சிக்னல் நகர்ந்துகொண்டே போகிறது. பட்டை பழுதா?

பதில்: பழுதில்லை, முதலில் வெப்பநிலையைப் பாருங்கள். தங்கமும் சிலிக்கானும் ஒரே அளவு விரியாது, அதனால் சின்ன வெப்ப மாற்றத்துக்கே பட்டை வளையும். கருவியின் மூடியில் கொஞ்ச நேரம் கை வைத்தாலே திரையில் கோடு சரிவதைப் பார்க்கலாம். உப்பின் அளவு, பிஹெச், திரவம் ஓடும் வேகம் எல்லாமே இதைச் செய்யும். அதனால் ஒற்றைப் பட்டையின் அளவை நம்பவே நம்பாதீர்கள். பக்கத்திலேயே இன்னொரு பட்டை வையுங்கள், அதில் சம்பந்தமில்லாத ஆன்டிபாடியைப் பூசுங்கள், அப்புறம் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள். 2000இல் டிஎன்ஏ இழைகளில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டிய சோதனையும் இந்தக் கழித்தலால்தான் சாத்தியமானது. என்னைக் கேட்டால் பட்டையைவிட இந்தத் துணைப்பட்டைதான் முக்கியம்.

கேள்வி: ஒரே பட்டையைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாமா?

பதில்: அமிலத்தன்மையுள்ள கிளைசின் கரைசலால் புரதத்தைக் கழற்றலாம். ஒவ்வொரு கழுவலிலும் ஆன்டிபாடி கொஞ்சம் நலியும். பழகிப் பார்க்க அது போதும். முடிவாகத் தரப்போகும் அளவீட்டுக்குப் புதுப் பட்டையே எடுங்கள்.

கேள்வி: எச்சிலை நேராக விடலாமா?

பதில்: வேண்டாம். அதிலுள்ள மற்ற புரதங்களும் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும். முதலில் வடிகட்டி, பஃபரில் நீர்க்கச் செய்து, பட்டையின் காலி இடங்களை ஆல்புமின் என்ற புரதத்தால் மூடிவிட்டு அப்புறம் விடுங்கள்.