பாஸ்கா திரியும் ஐம்பது நாளும்

ஐயா, வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சின்னக் கத்தோலிக்கப் பங்கில் பங்குப் பேரவை உறுப்பினராக இருக்கிறேன். மொத்தம் 8 அன்பியங்கள், அதாவது தெருவாரியான செபக் குழுக்கள். தவக்காலத்தில் சிலுவைப்பாதைக்குக் கோவில் கொள்ளாது. உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) பிரியாணியோடு எல்லாம் ஓய்ந்துவிடுகிறது. திங்கட்கிழமை பூசைக்கு ஐந்து பேர் வந்தால் அதிகம். உயிர்ப்புக் காலம் ஐம்பது நாள் என்கிறார்களே, அதை எப்படித்தான் கொண்டாடுவது? போன வருடம் பாஸ்கா திரி, அதாவது உயிர்ப்புக்கு ஏற்றுகிற பெரிய மெழுகுவர்த்தி, பாதியிலேயே சாய்ந்துவிட்டது. உயிர்த்த இயேசுவின் சுரூபத்தை (சிலையை) எழுப்பும்போது பட்டாசு போடலாமா கூடாதா என்று பேரவையில் சண்டை வேறு. வழி சொல்லுங்கள்.

அன்புள்ள நண்பருக்கு,

புதிதாக எந்த நிகழ்ச்சியையும் சேர்க்காதீர்கள். தவக்காலத்தில் கோவில் நிறைவது ஏனென்றால் அதில் மக்களுக்குச் செய்வதற்கு ஏதாவது இருக்கிறது. முழங்காலிடுகிறார்கள், சிலுவை தூக்குகிறார்கள், ஒருசந்தி இருக்கிறார்கள். உயிர்ப்புக் காலத்துக்கும் வழிபாட்டு முறையிலேயே வேலை வைத்திருக்கிறார்கள். நாம்தான் அதைத் தொடுவதில்லை. பெரிய சனி இரவு நடக்கிற திருவிழிப்பில் ஏற்றுகிற திரியையும் மந்திரிக்கிற தண்ணீரையும் ஐம்பது நாளும் கைவிடாமல் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் திரி. 1988-இல் ரோமிலிருந்து வந்த சுற்றுமடல் தெளிவாகச் சொல்கிறது: மெழுகால் ஆனதாக இருக்க வேண்டும், ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், ஆண்டுதோறும் புதிதாக இருக்க வேண்டும். பழைய திரியில் ஆண்டு எண்ணை மட்டும் சுரண்டி மாற்றுகிற சிக்கனம் வேண்டாம். உங்கள் திரி சாய்ந்ததற்குப் பெரும்பாலும் தகரக் கூரைதான் காரணமாக இருக்கும். ஏப்ரல் வெயிலில் தகரத்துக்குக் கீழே நிறுத்தி வைத்தால் மெழுகு இளகி வளையத்தான் செய்யும். திருவிழிப்பு வரை பருத்தித் துணியில் சுற்றி, ஓட்டு வீட்டிலோ கான்கிரீட் அறையிலோ சமதரையில் படுக்க வையுங்கள். அடிப்பாகம் அதை நிறுத்துகிற தண்டில் ஆடாமல் உட்கார வேண்டும். இடைவெளி இருந்தால் துணி திணிக்காமல் உருகிய மெழுகை ஊற்றி இறுக்குங்கள்.

ஒரே பக்கமாக எரிந்து வழிகிறது என்றால் மின்விசிறியைப் பாருங்கள். வாசக மேடைக்குப் பக்கத்தில் இருக்கிற விசிறியை நிறுத்தினாலே பாதி சரியாகும். ஒவ்வொரு முறை ஏற்றுவதற்கு முன்பும் கருகிய நுனியைக் கத்தரித்து அரை விரற்கடை மட்டும் விடுங்கள். அணைத்ததும், மெழுகு இளக்கமாக இருக்கும்போதே, உயர்ந்து நிற்கிற விளிம்பை விரலால் உள்ளே மடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் குழி விழுந்து, சுடர் உருகிய மெழுகிலேயே மூழ்கி அணையும். ஐந்து சாம்பிராணி மணிகளைக் குத்துகிற இடத்தில் சூடாக்கிய ஆணியால் முன்கூட்டியே துளை போட்டு வையுங்கள். அந்த நேரத்தில் வெறுமனே அழுத்தினால் மெழுகு வெடிக்கும்.

திருவிழிப்பு இருட்டிய பிறகுதான் தொடங்க வேண்டும். நம் பக்கம் அந்த நாட்களில் ஏழு மணிக்கு முன்னால் இருட்டு கிடையாது. புதுத் தீக்கு மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். கொட்டாங்கச்சியும் காய்ந்த தென்னம்பாளையும் போதும், கொஞ்சம் சூடம் வைத்தால் பிடித்துக்கொள்ளும். மக்கள் கையிலிருக்கிற திரிகளுக்கு ஒளி பரவும்போது எரிகிற திரியைச் சாய்க்கக் கூடாது, எரியாததைச் சாய்த்துப் பற்றவைக்க வேண்டும். இதை ஒருமுறை ஒலிபெருக்கியில் சொன்னால் சேலையிலும் தரையிலும் மெழுகு சொட்டாது. விளக்கணைக்கிறேன் என்று மெயினை இறக்கிவிட்டால் மைக்கும் போய்விடும், திரியின் முன் பாடுகிற பாஸ்கா புகழுரை முன் வரிசையைத் தாண்டாது. விளக்குச் சுவிட்சுகளை மட்டும் அணைக்க ஓர் ஆளை நிறுத்துங்கள். மூன்றாவது முறை ‘கிறிஸ்துவின் ஒளி’ என்று பாடியதும் கோவில் விளக்குகளைப் போடலாம். பீடத் திரிகளை ஏற்றுவது ‘உன்னதங்களிலே’ கீதம் பாடும்போதுதான். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. குறைத்தாலும் செங்கடல் கடக்கும் வாசகத்தை விடக் கூடாது.

அடுத்தது தண்ணீர். பலரும் ஒரு குடத்தை மட்டும் மந்திரித்துவிட்டு, காலி ஆனதும் முழிக்கிறார்கள். மூடியும் குழாயும் உள்ள எவர்சில்வர் டிரம் ஒன்றில் ஐம்பது லிட்டர் பிடித்து பீடத்தருகே வையுங்கள். பித்தளை வேண்டாம், களிம்பு ஏறும். மூடி கட்டாயம், திறந்து கிடந்தால் கொசு முட்டையிடும். வாசல் தொட்டிகளில் வாரம் ஒருமுறை பழையதைச் செடிக்கு ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டு நிரப்புங்கள். உயிர்ப்புக் கால ஞாயிறுகளில் பாவ மன்னிப்பு வழிபாட்டுக்குப் பதிலாக இந்தத் தண்ணீரைத் தெளிக்கலாம். பிளாஸ்டிக் தெளிப்பானைவிட மாவிலைக் கொத்து நன்றாகத் தெளிக்கும். திருமுழுக்கு கொடுப்பதும் இதே தண்ணீரில்தான்.

ஐந்து பேர் வருகிற திங்கட்கிழமைக்கு வருகிறேன். முதல் எட்டு நாளும் பெருவிழாதான். பூசை முடிவில் இரட்டை அல்லேலூயா அதற்காகத்தான். பாடகர் குழுவுக்குத் தொண்டை கட்டியிருக்கும், எனவே புதுப் பாட்டு கேட்காதீர்கள். ஐம்பது நாளும் ஒரே அல்லேலூயா மெட்டு போதும். அந்த வாரம் பூசையை மாலைக்கு மாற்றி, நாளுக்கு ஓர் அன்பியம் பொறுப்பு என்று விடுங்கள். பிறகு அன்பியம் அன்பியமாக வீடு மந்திரிப்பு. ஒரு மாலைக்குப் பத்து வீட்டுக்கு மேல் வைத்தால் சாமியார் ஓட வேண்டிவரும்.

நாள் குறிப்பதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. உயிர்ப்பு ஞாயிறும் பௌர்ணமியை ஒட்டி வருவது, அழகர் ஆற்றில் இறங்குவதும் பௌர்ணமியை ஒட்டித்தான். 2019-இல் அழகர் இறங்கியது பெரிய வெள்ளியன்று, 2022-இல் பெரிய சனியன்று. மற்ற ஆண்டுகளில் பெரும்பாலும் உயிர்ப்புக் காலத்துக்குள்ளேயே வரும். அந்த வாரத்தில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை) வைக்காதீர்கள். மதுரையைத் தாண்டி வர வேண்டிய சொந்தக்காரர்கள் கோரிப்பாளையத்தில் மாட்டிக்கொள்வார்கள். 2027-இல் உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28, ஐம்பதாம் நாளான பெந்தெகோஸ்தே மே 16. ஆண்டுத் தேர்வு முடிந்து மே முதல் இரு ஞாயிறுகளில் ஒன்று புதுநன்மைக்குத் தோது. பெந்தெகோஸ்தேக்கு முன் ஒன்பது நாள் செபிக்கிற தூய ஆவி நவநாள் மே 7, வெள்ளியன்று தொடங்க வேண்டும். நம் நாட்டில், வியாழனன்று வர வேண்டிய ஆண்டவரின் விண்ணேற்ற விழாவை ஞாயிறுக்குத் தள்ளியிருப்பதால், விழா முடியட்டும் என்று காத்திருந்தால் ஒன்பது நாள் கிடைக்காது. மே மாத மாதா வணக்கம் நடக்கட்டும். பெந்தெகோஸ்தே வரை மூவேளை செபத்துக்குப் பதில் ‘விண்ணக அரசியே’ செபம் சொல்லுங்கள்.

பூ விஷயத்தில் ஒன்றுதான். மல்லிகையைச் சனி காலையில் மொட்டாக வாங்குங்கள், திருவிழிப்பு நேரத்துக்குச் சரியாக மலரும். ஞாயிறு காலையில் பழுத்துவிடும், அதனால் பீடத்துக்குச் செவ்வந்தி.

பட்டாசு சண்டைக்கு: கோவிலுக்குள்ளும் வாசலிலும் வேண்டாம். புகை உள்ளே வந்தால் பாடகர்கள் இருமுவார்கள், சுரூபத்துக்குக் கட்டிய திரையில் பொறி விழுந்தால் கதை வேறு. ‘உன்னதங்களிலே’ பாடும்போது மணி அடிப்பதுதான் முறை, எல்லா மணிகளையும் அடியுங்கள். வெடி வேண்டும் என்கிற இளைஞர்களுக்குப் பூசை முடிந்த பிறகு திடலைக் கொடுத்துவிடுங்கள், இரண்டு வாளித் தண்ணீரோடு.