முதலில் பாடசாலைக்குப் போங்கள், தங்கச்சி

திருகோணமலை உவர்மலையில் இருந்து எழுதியிருக்கிறீர்கள், நான் அதே ஊரின் திருக்கடலூர்க்காரன், அதனால் வேலையை ஓரமாக வைத்துவிட்டுப் பதில் போடுகிறேன். தமிழ் மூலம் கணிதப் பிரிவு, அடுத்த வருடம் ஏ.எல் (உயர்தரப் பரீட்சை), அமெரிக்காவின் எம்ஐடி மாதிரி ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாமா, கட்டுரை முதல் எல்லாம் எழுதித் தருகிறோம் என்று ஓர் ஏஜென்சி பெரிய தொகை கேட்கிறது, கொடுக்கலாமா என்பதுதானே கேள்வி? விண்ணப்பியுங்கள். ஏஜென்சிக்கு ஐந்து சதம் கொடுக்க வேண்டாம்.

நான் கொடுத்தவன். அம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. அவர்கள் எழுதித் தந்தது சுனாமிக் கட்டுரை, ஏதோ நானே அலைக்குள் நின்றவன் மாதிரி. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது உண்மைதான், ஆனால் அன்றைக்கு நான் வவுனியாவில் பெரியம்மா வீட்டில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஸ்கைப்பில் நேர்முகம் செய்தவர் அந்தக் காலையைப் பற்றிச் சொல்லும்படி அன்பாகத்தான் கேட்டார், எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அந்த வருடம் எல்லா இடமும் கைவிரித்தன.

அடுத்த வருடம் அப்பாவின் ஐஸ் பெட்டியைப் பற்றி எழுதினேன். உமியில் வைத்த ஐஸ் அதிக நேரம் நிற்குமா, மரத்தூளில் வைத்ததா என்று மீன்வாடியில் தராசு வைத்து நிறுத்துப் பார்த்த கதை. கொமன் அப் என்ற பொது விண்ணப்பத்தில் கட்டுரையை 650 சொல்லுக்குள் அடக்க வேண்டும், ஆங்கிலம் சுமார்தான், ஆனால் அதில் எதைக் கேட்டாலும் என்னால் பதில் சொல்ல முடிந்தது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பார்க்கும் எஸ்ஏடி பரீட்சைக்குப் பயப்பட வேண்டாம். மடக்கை அட்டவணையோடு மல்லுக்கட்டி வளர்ந்த நமக்கு 1600இல் கணிதத்துக்கான 800 பெரிய விஷயமில்லை, கல்குலேற்றர் வேறு தருகிறார்கள். வாசிப்புப் பகுதிதான் ஆளைக் கவிழ்க்கும். அந்தப் பரீட்சைக்கான புளூபுக் செயலியிலும் கான் அகாடமி இணையத்தளத்திலும் பயிற்சி இலவசம். எம்ஐடி 2022இல் இந்தப் பரீட்சையைத் திரும்பக் கட்டாயமாக்கிவிட்டது, அதனால் தப்ப வழியில்லை.

நம்மவர்கள் வழக்கமாகக் கோட்டை விடுவது வேறு இடத்தில். ஏ.எல் தொடங்கியதும் பாடசாலைக்கு மட்டம் போட்டுவிட்டு ரியூசனே கதி என்று கிடப்போம். பிறகு பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போனால் வகுப்பு ஆசிரியருக்கு நம் முகமே நினைவிருக்காது. ‘நல்ல மாணவி, ஒழுக்கமானவர்’ என்று அதிபர் முத்திரை குத்தித் தரும் நற்சான்றிதழ் அங்கே செல்லாக்காசு. நீங்கள் என்ன கேள்வி கேட்பீர்கள், எங்கே பிழை விட்டு எப்படித் திருத்தினீர்கள் என்று தெரிந்த ஒருவர் எழுத வேண்டும். எங்கள் பௌதிக சேரைத் தமிழிலேயே எழுதச் சொன்னேன், ஆங்கில ரீச்சர் மொழிபெயர்த்தார், இரண்டையும் சேர்த்து அனுப்பினோம்.

காசு விஷயம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் இந்த ஐந்தும் வெளிநாட்டு மாணவர் உதவிப்பணம் கேட்டார் என்பதற்காக விண்ணப்பத்தைத் தள்ளுவதில்லை, எடுத்துவிட்டால் குடும்பத்தால் கட்ட முடியாத மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பல இடங்களில் அப்படியில்லை, கேட்பதே பாதகமாகலாம். அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது என்றால் கிராம சேவகரிடம் வருமானக் கடிதம் வாங்கி மொழிபெயர்த்து வையுங்கள், நான் அப்படித்தான் செய்தேன். விண்ணப்பக் கட்டணத்தையும் விலக்கித் தரச் சொல்லிக் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கொமன் அப் படிவம் ஆகஸ்ட் 1ஆம் திகதி திறக்கும், எம்ஐடிக்குத் தனிப் படிவம். கட்டுரையை எழுதினால் எனக்கு அனுப்புங்கள், வாசித்துவிட்டு எங்கே நம்ப முடியவில்லை என்று சொல்வேன். ஒரு வரிகூடத் திருத்தித் தரமாட்டேன், கோபிக்கக் கூடாது.