ஒக்டோபரா, செப்டெம்பரா?

ஐயா, வணக்கம். இலங்கை உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளில் நமக்கு மிகக் கேடானது எது என்று நண்பர்களிடையே வாக்குவாதம். வடக்கு கிழக்கு இணைப்பை இரத்துச் செய்த 2006 ஒக்டோபர் 16 தீர்ப்புத்தான் என்றேன் நான். கோடீஸ்வரன் வழக்கு என்றார் இன்னொருவர். உங்கள் முடிவு?
- ஒரு வாசகர், காரைதீவு

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ‘உச்ச நீதிமன்றம்’ இந்தியப் பேச்சு. நமக்கு அது உயர் நீதிமன்றம். அவர்களுடைய உயர் நீதிமன்றம் இங்கே மேல் நீதிமன்றம். இதைக் குழப்பிக்கொண்டால் யார் தீர்ப்பை யார் மாற்றினார் என்பதே தலைகீழாகிவிடும்.

கோடீஸ்வரன் வழக்கைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சிங்களப் பரீட்சை எழுத மறுத்ததால் சம்பள உயர்வு நிறுத்தப்பட்ட தமிழ் அரச ஊழியர் போட்ட வழக்கு அது. அரச ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு, அதாவது அரசுக்கு, எதிராக வழக்குப் போட முடியாது என்று உயர் நீதிமன்றம் 1967 இல் சொன்னது உண்மை. 1969 இல் அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவிக் கவுன்சில் அதைத் தள்ளி, சிங்களம் மட்டும் சட்டம் பாகுபாடு காட்டும் சட்டங்களைத் தடுத்த அன்றைய அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு முரணா என்று பார்க்கும்படி திருப்பி அனுப்பியது. யாரும் பார்க்கவில்லை. 1972 இல் அந்தப் பிரிவே போயிற்று. அது தீர்ப்பே வராத கேடு, வேறு கணக்கு.

ஒக்டோபர் தீர்ப்புக்கு வருவோம். மாகாண சபைகள் சட்டத்தின் 37 ஆம் பிரிவு, ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டு மோதல் நின்றால்தான் சனாதிபதி இணைக்கலாம் என்றது. அது நடக்கவில்லை. 1988 செப்டெம்பரில் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனா அவசரகால ஒழுங்குவிதியால் அந்த நிபந்தனையையே தளர்த்திவிட்டு இணைத்தார். அப்படி மாற்ற அதிகாரமில்லை என்றது நீதிமன்றம். 18 வருடம் கழித்துச் சொன்னதில் அரசியல் வாடை வீசலாம். ஆனால் ஓட்டை ஜே. ஆர். விட்டது. மனுதாரர் மூவரும் கிழக்கைச் சேர்ந்தவர்கள். உங்கள் ஊரில் இதைக் கேடு என்பீர்கள். பக்கத்து முஸ்லிம் ஊரான சம்மாந்துறையில் கேட்டால் வேறு பதில் வரும். முக்கியமாக, இரண்டு மூன்று அயல் மாகாணங்களைப் பாராளுமன்றம் சட்டத்தால் இணைக்கலாம் என்ற அரசியலமைப்பின் 154அ(3) உறுப்புரை அப்படியே இருக்கிறது. கதவு சாத்தியிருக்கிறது, பூட்டவில்லை.

என் தெரிவு வேறு. இன்னொரு கதவை உண்மையில் பூட்டியது அதற்கு ஒரு மாதம் முன்னே, 2006 செப்டெம்பர் 15 இல், அதே பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையில் வந்த சிங்கராசா தீர்ப்பு. மட்டக்களப்பு வழக்கு, ஆனால் இங்கேயே பலருக்குத் தெரியாது.

சிங்கராசா 1993 சுற்றிவளைப்பில் பிடிபட்டவர். அவருக்கெதிரான சாட்சியம் ஒரே ஒரு தாள்: சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒப்புதல் வாக்குமூலம், கீழே பெருவிரல் அடையாளம். அவருக்குச் சிங்களம் தெரியாது. மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ் கான்ஸ்டபிள். சாதாரண வழக்கென்றால் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு அந்தத் தாளை வெளியே எறிந்திருக்கும், பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்பதால். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவர் முன் கொடுத்தால் செல்லும் என்கிறது. அடித்து வாங்கியது என்பதை நிரூபிக்கும் சுமையையும் குற்றவாளிக்கூண்டில் நிற்பவர் தலையில் வைக்கிறது. 50 வருடச் சிறை. மேன்முறையீட்டில் 35 ஆனது.

தனிமனிதர் ஐ.நா.விடம் முறையிட இடம் தரும் விருப்ப நெறிமுறையை இலங்கை 1997 இல் ஏற்றது. அதன்படி அவர் ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் போனார். அந்தச் சுமை ஏற்றலே நியாயமான விசாரணைக்கு முரண், விடுதலை அல்லது மறுவிசாரணையும் நட்டஈடும் வேண்டும் என்று குழு 2004 இல் சொன்னது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி உயர் நீதிமன்றம் வந்தார்.

உள்நாட்டுச் சட்டமாக்காத உடன்படிக்கை இங்கே செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. அதில் எனக்குச் சண்டையில்லை. அத்தோடு மனுவைத் தள்ளியிருக்கலாம். அதற்கும் மேலே போய், நெறிமுறையில் சேர்ந்ததே மக்களின் நீதி அதிகாரத்தை வெளியாருக்குக் கொடுத்தது, அரசியலமைப்புக்கு முரண் என்றது. பிழை இங்கேதான். குழு தருவது ‘கருத்து’, தீர்ப்பல்ல. அது எந்தத் தண்டனையையும் இரத்துச் செய்வதில்லை. நீதி அதிகாரம் எங்கே கைமாறியது?

விளைவு விசித்திரம். அரசு நெறிமுறையிலிருந்து இன்னும் விலகவில்லை, அதனால் ஜெனீவாவுக்கு இப்போதும் எழுதலாம். கிடைக்கும் பதிலை இங்குள்ள நீதிமன்றத்தில் நீட்ட முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவை 2022 திருத்தமும் தொடவில்லை.

ஆகவே மிஞ்சியிருப்பது அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை: அடிப்படை உரிமை மனு, கொழும்பில் மட்டும், ஒரு மாதத்துக்குள். நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த ஒரு மாதத்தில். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்தில் அந்த மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது (1996 இன் 21 ஆம் இலக்கச் சட்டம், பிரிவு 13). முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு மட்டும் போதாது. விசாரணை நிலுவையில் இருக்கிறது என்று திகதியிட்ட கடிதம் வாங்கி மனுவோடு இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் காலம் கடந்தது என்ற ஆட்சேபனை முதல் நாளே எழும்.