நேட்டாலுக்குக் கப்பலேறிய முன்னோரைத் தேடுவது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இது: தாத்தாவின் பெரியப்பா ஒருவர் வெள்ளைக்காரன் காலத்தில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனார், திரும்பி வரவே இல்லை, பெயர் மட்டும்தான் தெரியும், அவரையும் அவர் வம்சத்தையும் இப்போது கண்டுபிடிக்க முடியுமா, எங்கே தொடங்குவது?

முடியும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான், கண்டுபிடிக்க எனக்கு நாலு வருஷம் ஆனது. அதில் இரண்டு வருஷத்துக்கு மேல் தப்பான இடத்தில் தேடியே போய்விட்டது, அதனால் அந்தத் தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்களுக்குக் குடியாத்தம் பக்கத்துக் கிராமம். ஆடி அமாவாசைக்குப் படையல் போடும்போது ஆயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், எல்லா இலையும் போட்டு முடித்த பிறகு கடைசியாகச் சின்ன இலை ஒன்று போடுவார். அதற்குப் பெயரே கப்பல் இலை. அந்த இலைக்கு மட்டும் பக்கத்தில் தனியாக ஒரு சொம்புத் தண்ணீர் வைப்பார். ஏன் என்று கேட்டால், "உப்புத் தண்ணி மேல போனவருடா, நல்ல தண்ணி கெடச்சுதோ என்னமோ" என்பார். என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணனுக்கான இலை அது. செத்த நாள் தெரியாது, செத்தாரா என்பதே தெரியாது, அதனால் அமாவாசையில் சேர்த்துவிட்டார்கள். ஆயாவுக்கு அவரைப் பற்றித் தெரிந்தது மூன்றே விஷயம்: பெயர், "பஞ்சத்துல போனாரு", "நெட்டாலு".

பஞ்சம் என்றதும் நான் தாது வருஷப் பஞ்சத்துக்குப் போய்விட்டேன். 1876-78 பஞ்சம் நம் பக்கத்தில் அவ்வளவு பேரைக் கொன்றிருக்கிறது, வேறு எதைச் சொல்லியிருக்கப் போகிறார்கள் என்று நினைத்து 1875 முதல் 1880 வரை மெட்ராஸிலிருந்து நேட்டாலின் துறைமுகமான டர்பன் போன கப்பல்களின் பட்டியல்களில் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு கிடந்தேன். கொள்ளுத்தாத்தாவின் வயதை ஒரு முறை கணக்குப் போட்டிருந்தால் போதும். அவர் பிறந்ததே 1870 வாக்கில், கூடப் பிறந்த அண்ணன் 1877இல் எப்படித் தனியாகக் கப்பலேறுவார்? மெட்ராஸ் மாகாணத்தில் 1891-92இலும் மழை பொய்த்துப் பெரிய தட்டுப்பாடு வந்தது, ஆயா சொன்னது அதை. ஆகவே வீட்டில் சொல்லும் கதையை நம்புங்கள், ஆனால் அதை ஆண்டாக மாற்றும்போது முதலில் வயதுகளைத் தாளில் எழுதிப் பாருங்கள்.

இன்னொரு எல்லையும் தெரிந்துகொள்ளுங்கள், நிறைய நேரம் மிச்சமாகும். நேட்டாலுக்கு முதல் கப்பல் ட்ரூரோ, மெட்ராஸிலிருந்து 342 பேரோடு கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. கடைசியாக ஆள் போனது 1911. நடுவில் 1866க்கும் 1874க்கும் இடையே ஒப்பந்த ஆட்களை ஏற்றிய கப்பலே கிடையாது, 1871இல் திரும்பி வந்தவர்கள் தங்களை நடத்திய விதத்தை மெட்ராஸ் அதிகாரிகளிடம் முறையிட்டு, அதன்மேல் 1872இல் நேட்டாலில் விசாரணைக் குழு போட்டு, அப்புறம்தான் மறுபடி தொடங்கினார்கள். எனவே உங்கள் கணக்கு 1869 என்று வந்தால் கணக்கில் எங்கோ பிசகு. அல்லது அவர் போனது மொரீஷியஸாகவோ இலங்கையாகவோ இருக்கலாம், நம் பாட்டிமார்களுக்கு எல்லாமே "கடலுக்கு அந்தாண்ட" தானே.

மொத்தம் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸில் ஏறியவர்கள். இத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் நமக்குக் கிடைத்த கொடுப்பினை. அந்தப் பட்டியல்கள் டர்பனில் இருக்கின்றன, குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்தூலி ஆவண மையம் அவற்றைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்று வரும்.

இதில் பெயரை வைத்துத் தேடாதீர்கள். நான் தேடி அலுத்துப்போனேன். அந்தக் காலத்தில் நம் ஊரில் முனுசாமி எத்தனை, சின்னப்பன் எத்தனை, பத்துப் பெயரைச் சுற்றிச் சுற்றி வைத்திருக்கிறார்கள், அதை எழுதிய குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். முனுசாமி அங்கே மூன்சாமி ஆகிவிடுவார். தகப்பன் பெயரையும் கிராமத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு தேடுங்கள். அவர் தகப்பன் பெயர் இங்கே உங்கள் வீட்டில் கட்டாயம் யாருக்காவது தெரிந்திருக்கும், ஏனென்றால் அவர் உங்கள் தாத்தாவுக்குத் தாத்தா. பழைய பத்திரம், பட்டா, கோயில் நன்கொடைக் கல்வெட்டு, கல்யாணப் பத்திரிகை எதிலாவது இருக்கும். எங்களுக்குக் கிடைத்தது ஒரு கிணற்றுப் பாகப் பத்திரத்தில்.

ஊர்ப் பெயர் தனிக் கதை. வந்தவாசி வாண்டிவாஷ், காஞ்சிபுரம் காஞ்சீவரம், செங்கல்பட்டு சிங்கிள்புட் என்ற அளவில் இருப்பவற்றைக் கண்டுபிடித்துவிடலாம், சின்னக் கிராமங்கள்தான் பாடாய்ப் படுத்தும். வாய்விட்டுப் படியுங்கள், வெள்ளைக்காரன் உச்சரிப்பில் படியுங்கள், சட்டென்று ஊர் தெரியும். வட ஆற்காடு ஜில்லா என்று இருந்தால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலையில் மட்டும் தேடி நிறுத்திவிடக் கூடாது. சித்தூர், பலமநேரி, சந்திரகிரி தாலுகாக்கள் 1911 வரை வட ஆற்காட்டில்தான் இருந்தன, அந்த வருஷம் பிரித்துச் சித்தூர் ஜில்லா ஆக்கினார்கள், இப்போது ஆந்திரத்தில் இருக்கின்றன. அதேபோல் திருப்பத்தூர் அப்போது சேலம் ஜில்லா. டர்பனிலிருந்து வேர் தேடி வருகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள், தமிழ்நாட்டு வரைபடத்தில் ஊர் இல்லை என்று திரும்பிப் போய்விடுகிறார்கள்.

சரி, எங்கள் வரி கிடைத்த நாளைச் சொல்கிறேன். ராத்திரி பதினோரு மணி இருக்கும். 1891ஆம் வருஷத்துக் கப்பல் ஒன்றின் பக்கம். பெயரில் இரண்டு எழுத்து மாறியிருந்தது, தகப்பன் பெயர் கிணற்றுப் பத்திரத்தில் இருந்த அதே பெயர், வயது 23, குடியாத்தம் தாலுகா, எங்கள் கிராமம். அடையாளம் என்ற கட்டத்தில் இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு என்று இருந்தது. ஒரு தழும்பைப் படித்துவிட்டு அழுவேன் என்று நான் நினைத்ததே இல்லை. அதுவரை இலையாக மட்டும் இருந்தவருக்குக் கால் வந்துவிட்டது.

உங்கள் வரி கிடைத்ததும் அங்கேயே நிற்காமல் மேலேயும் கீழேயும் பத்துப் பத்து வரி படித்துவிடுங்கள், இது ரொம்ப முக்கியம். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்துதான் போயிருக்கிறார்கள், குடும்பமாகப் போனவர்களுக்கு எண் அடுத்தடுத்து விழும். எங்கள் பெரியவருக்கு ஆறு வரி தள்ளி, பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருவர், 18 வயது, தனியாக வந்தவர். அவரைத்தான் பிற்பாடு அங்கே கல்யாணம் செய்திருக்கிறார். அந்த வயதில் ஒரு பெண் தனியாகக் கப்பலேற என்ன நேர்ந்திருக்கும் என்று இன்னமும் யோசிக்கிறேன். அவர் வீட்டில் அவருக்கு யாராவது இலை போட்டார்களா?

இனி அந்த எண். காலனி எண் என்பார்கள். கப்பலிலிருந்து இறங்கியபோது கொடுத்த அந்த எண்தான் அவருடைய முகவரி, குடும்பப் பெயர், எல்லாம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் கல்யாணப் பதிவு, பிள்ளை பிறந்த பதிவு, சாவுப் பதிவு எல்லாவற்றிலும் அது கூடவே வரும், பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் தாய் தகப்பன் இருவர் எண்ணும் இருக்கும். அங்கே உள்ள குடும்பங்களில் பெட்டியடியில் கிடக்கும் பழைய சான்றிதழில் இந்த எண் இருக்கும், ஆனால் அது எதற்கு என்று பலருக்குத் தெரியாது. நீங்கள் யாரையாவது தொடர்புகொண்டால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

எண் கையில் இருந்தால் அடுத்து சாவு அறிவிப்பைத் தேடுங்கள். தென்னாப்பிரிக்காவில் ஒருவர் இறந்ததும் நிரப்பும் படிவம் அது, அதில் பிறந்த ஊர், அப்பா அம்மா பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் கேட்டிருப்பார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் சொத்துக் கோப்புகளோடு இருக்கும். வம்சாவளி தேட உதவும் பேமிலிசர்ச் தளத்திலும் நேட்டால் ஆவணங்கள் நிறைய இருக்கின்றன, கணக்குத் தொடங்கினால் இலவசம். எங்கள் பெரியவர் 1931இல் இறந்திருக்கிறார், தொழில் என்ற இடத்தில் காய்கறித் தோட்டக்காரர் என்று இருக்கிறது. ஐந்து வருஷ ஒப்பந்தம், முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம், அதில் என்ன மிஞ்சியதோ, அதை வைத்து டர்பனை ஒட்டிய ஸ்பிரிங்ஃபீல்டில் நிலம் குத்தகைக்கு எடுத்துக் கீரையும் பீன்ஸும் போட்டிருக்கிறார். கடைசிக் காலத்தில் முகவரி வேறு. உம்கேனி ஆற்றில் 1917 அக்டோபரில் வந்த வெள்ளம் அந்தத் தோட்டங்களையும் குடிசைகளையும் வாரிக்கொண்டு போனது, படவட்டன் ஆறு பேர் என்று பெயர்பெற்ற மீனவர்கள் படகில் போய் 176 பேரைக் காப்பாற்றியதை அங்கே இன்றும் சொல்கிறார்கள். அதற்குப் பிறகுதான் இவர்கள் இடம் மாறியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இன்னொரு விவரம். 1895ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு போனவர் என்றால், ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்க வருஷத்துக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும், கட்ட முடியாமல் பலர் திரும்பத் திரும்ப ஒப்பந்தம் போட்டார்கள். அதனால் அவர் பெயர் பல முதலாளிகளிடம் வந்தால் ஆள் வேறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். வரியை 1914இல்தான் எடுத்தார்கள்.

குடும்பப் பெயரைப் பார்த்துச் சாதி கண்டுபிடிக்கப் போகாதீர்கள், தயவுசெய்து. கவெண்டர், மூட்லி, பில்லே, நாய்டூ என்று அங்கே இருப்பவற்றில் பல பிற்பாடு ஒட்டிக்கொண்டவை. சிலர் அப்பா பெயரையே குடும்பப் பெயராக வைத்தார்கள், அதனால் ஒரே தகப்பனின் பேரப்பிள்ளைகள் மூன்று பெயரில் இருக்கிறார்கள், எங்கள் வகையிலேயே அப்படித்தான். கப்பலேறும் முன் தங்கவைத்த டிப்போவில் சாதியையும் பெயரையும் மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. அதை விட்டுவிட்டு வர நினைத்தவரை நாம் போய் அதிலேயே கட்டிப்போடுவது நியாயமில்லை.

கடைசியாக மனுஷர்கள் விஷயம். ஊரில் விசாரிக்க ஆரம்பித்ததும் என் சொந்தச் சித்தப்பாவே கேட்ட முதல் கேள்வி, "நெலத்துல பங்கு கேக்க வராங்களா?" என்பது. அங்கே உள்ளவர்களுக்கும் பயம், இந்தியாவிலிருந்து திடீரென்று ஒருவன் "நான் உங்க சொந்தக்காரன்" என்றால் பணம் கேட்கப் போகிறான் என்றுதானே நினைப்பார்கள். அதனால் முதல் கடிதத்தில் உறவு கொண்டாடாமல் கப்பல் பட்டியல் பக்கத்தின் படத்தையும் எண்ணையும் மட்டும் அனுப்பினேன், உங்கள் வீட்டில் இந்த எண் இருக்கிறதா பாருங்கள் என்று ஒரு வரி. ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது, பெரியவருடைய மகள்வழிக் கொள்ளுப்பேத்தி, ஓய்வுபெற்ற நர்ஸ், தமிழ் பேசத் தெரியாது, ஆனால் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை அவர் வீட்டில் இன்றுவரை நிறுத்தியதில்லை. வீடியோவில் பேசியபோது இலை விஷயத்தைச் சொன்னேன். எதுவும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், அப்புறம் அந்தச் சொம்பைக் காட்டச் சொன்னார்.

அதே சித்தப்பாதான் சாவு அறிவிப்பில் இருந்த தேதியை எடுத்துக்கொண்டு போய்ப் பழைய பஞ்சாங்கம் பார்த்துத் திதி குறித்து வந்தார். போன வருஷம் முதல் முறையாக அந்தத் திதியில் படைத்தோம், அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் இரண்டு இலை.

உங்கள் பெரியவருடைய தகப்பன் பெயரையும் ஊரையும் வீட்டில் கேட்டு வையுங்கள், பழைய வட ஆற்காட்டு ஊராக இருந்தால் எழுதுங்கள், எழுத்து மாறிய பெயர்களைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.