கோடு கலையாமல் வண்ணம் தீட்ட...
கைவினை கேள்வி – பதில்

வாழ்த்து அட்டை, பரிசுச் சீட்டு, நாட்குறிப்பு என்று ரப்பர் ஸ்டாம்ப் அடித்து அலங்கரிக்கும் வாசகர்கள், வண்ணங்களையும் பிரஷ்களையும் பற்றிக் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

பூக்கொத்து ஸ்டாம்பைக் கறுப்பு மையில் அடித்து, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் வாட்டர் கலர் தீட்டினேன். ஆனாலும் கறுப்பு கரைந்து, ரோஜா இதழெல்லாம் அழுக்குச் சாம்பல் நிறமாகிவிட்டது. கலர் மட்டமா, பிரஷ் மட்டமா?
– வாசகி, கும்பகோணம்

இரண்டையும் குறை சொல்ல வேண்டாம். தவறு மையில்தான். ஸ்டாம்ப் மைகளில் பெரும்பாலானவை நீரில் கரையும் சாயத்தால் ஆனவை. அவற்றைத் தாள் உறிஞ்சிக்கொள்வதால் காய்ந்ததாகத் தெரியும். மறுபடி ஈரம் பட்டதும் சாயம் திரும்பக் கரையும். ஒரு நாள் காயவிட்டாலும், ஒரு வாரம் காயவிட்டாலும் இது மாறாது. அலுவலக ஸ்டாம்ப் பேடின் ஊதா மை இன்னும் மோசம். பேட் உலராமல் இருப்பதற்காக அதில் கிளிசரின் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். அது தாளிலும் அரைகுறையாகவே காயும்.

வாட்டர் கலருக்கு நீர்புகா மை வேண்டும். வெர்சாஃபைன், ரேஞ்சர் ஆர்க்கைவல், ஸ்டேஸ்ஆன் என்ற மூன்று மைகளும் இதற்குப் பொருந்தும். நுணுக்கமான கோடுள்ள ஸ்டாம்புக்கு வெர்சாஃபைன் மிகத் தெளிவாக விழும். ஆனால் மெதுவாகக் காயும். அடித்த பிறகு ஹீட் கன்னால் (கைவினைக்கான சூடான காற்றுக் கருவி) சில விநாடிகள் சூடேற்றிவிட்டுத்தான் ஈரம் படவிட வேண்டும். கடலோர ஊர்களில், மழைக்காலத்தில், இந்தச் சூட்டைத் தவிர்க்கவே கூடாது.

மை எதுவானாலும் முதலில் ஒரு துண்டுத் தாளில் சோதித்துப் பாருங்கள். ஸ்டாம்ப் அடித்து, பத்து நிமிடம் விட்டு, பாதிப் படத்தின் மேல் ஈர பிரஷ்ஷால் நாலைந்து முறை தேய்க்கவும். பிரஷ்ஷை வெள்ளை டிஷ்யூவில் துடைத்தால் நிறம் தெரியக் கூடாது. தெரிந்தால் அந்த மை வாட்டர் கலருக்கு ஆகாது.

நீர்புகா மை கிடைக்காவிட்டால் எம்பாசிங் செய்யலாம். வெர்சாமார்க் போன்ற பிசுபிசுப்பான மையில் ஸ்டாம்ப் அடித்து, எம்பாசிங் பவுடர் தூவி, ஒட்டாததை உதறிவிட்டு, ஹீட் கன்னால் உருக்கினால் கோடு மேடாக நிற்கும். அந்த மேடு, கலர் வெளியே ஓடாமல் வரப்புப் போலத் தடுத்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதையே முதலில் சொல்வோம். தலைமுடி உலர்த்தும் டிரையரைக் கொண்டு இதைச் செய்யாதீர்கள். அதன் காற்று வேகம் பவுடரைப் பறக்கடிக்கும், சூடும் போதாது.

ஸ்டேஸ்ஆன் மை எதிலும் கரையாது என்றார்கள். அதன் மேல் ஆல்கஹால் மார்க்கரை ஓட்டியதும் கோடு கலைந்தது. மார்க்கரின் முனையும் கறுத்துவிட்டது. ஏன்?
– வாசகர், ஈரோடு

ஸ்டேஸ்ஆன் நீரில் கரையாது. ஆனால் அது கரைப்பானில் ஆன மை. மார்க்கரில் இருக்கும் ஆல்கஹாலும் கரைப்பான்தானே, அதனால் இளகிவிடுகிறது. ஆல்கஹால் மார்க்கருக்கு நேர்மாறாக, நீரை அடிப்படையாகக் கொண்ட சாய மை வேண்டும். மெமெண்டோ என்ற மையின் ‘டக்ஸீடோ பிளாக்’ கறுப்பு இதற்கென்றே பெயர் பெற்றது. அதே மெமெண்டோவின் மேல் வாட்டர் கலர் தீட்டினால், கும்பகோணம் வாசகிக்கு நேர்ந்ததுதான் நேரும். நீர்புகா மை, மெமெண்டோ என இரண்டு பேடையும் வாங்கி, மூடியிலேயே ‘நீர்’, ‘மார்க்கர்’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

கறுத்த முனையைத் துண்டுத் தாளில் கிறுக்கிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் முனையை மாற்ற வேண்டியதுதான்.

ஸ்டாம்ப் படத்துக்கு வண்ணம் தீட்ட எந்த பிரஷ், எத்தனை வாங்க வேண்டும்? கடையில் பன்னிரண்டு கொண்ட செட்டைத் தருகிறார்கள்.
– வாசகி, மதுரை

செட் வேண்டாம். அதில் உங்களுக்குப் பயன்படுவது இரண்டோ மூன்றோதான். அதே பணத்தில் நல்ல பிரஷ் மூன்றை வாங்கலாம்.

இரண்டு, மூன்று அங்குல ஸ்டாம்ப் படத்துக்கு ரவுண்ட் பிரஷ் 2-ம் எண்ணும் 4-ம் எண்ணும் போதும். பின்னணிக்கு அரை அங்குல ஃபிளாட் ஒன்று. முகம், விரல் போன்ற சின்ன இடங்களுக்கு 000 எண்தான் சரி என்று பலர் நினைக்கிறார்கள். அந்த மெல்லிய பிரஷ்ஷில் நீர் நிற்காது. ஒரு கோடு இழுப்பதற்குள் வற்றிப்போய், ஒரே இதழில் மூன்று முறை தொட்டுத் தொட்டுத் தீட்டுவீர்கள். காய்ந்ததும் அது திட்டுத் திட்டாகத் தெரியும். வயிறு பருத்து நுனி கூரான 2-ம் எண், ஊசிமுனை இடத்திலும் நுழையும், இதழ் முழுக்கத் தேவையான நீரையும் சுமக்கும். எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரு கம்பெனியின் 4, இன்னொன்றின் 6 அளவுக்குத் தடித்திருக்கும்.

புது பிரஷ்ஷின் நுனியைப் பசை போட்டு இறுக்கியிருப்பார்கள். எல்லாமே கூராகத்தான் தெரியும். கடைக்காரரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேளுங்கள். பசை கரையும்வரை அலசி, ஒரு உதறு உதறுங்கள். முடியெல்லாம் தானே ஒன்றுகூடி ஒரே நுனியாக நின்றால் வாங்கலாம். இரண்டாகப் பிரிந்தாலோ, ஒரு முடி தனியாகத் துருத்திக்கொண்டிருந்தாலோ வைத்துவிடுங்கள். பிறகு நுனியை நகத்தில் வைத்து லேசாக வளையுங்கள். விட்டதும் நிமிர வேண்டும். வளைந்தபடியே கிடக்கும் பிரஷ்ஷால் கோட்டின் ஓரத்தில் நிறுத்தி நிதானமாகத் தீட்ட முடியாது.

செயற்கை இழை பிரஷ்ஷே இந்த வேலைக்குப் போதும். நன்றாக நிமிரும், விலையும் கையைக் கடிக்காது. காம்லின் நிறுவனத்தின் சிந்தெடிக் கோல்டு வகை நம் ஊர்க் கடைகளில் கிடைக்கிறது. கொலின்ஸ்கி (கீரி போன்ற உருவமுள்ள சைபீரிய விலங்கு) முடி பிரஷ் நிறைய நீர் பிடிக்கும், நுனியும் அருமையாக இருக்கும். ஆனால் கை பழகாதவரை அந்தச் செலவு வேண்டாம். அணில் முடி பிரஷ் நீரைக் கொள்ளும், ஆனால் துவண்டு விழும். அது பின்னணி தீட்ட மட்டுமே சரி.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். கீரி முடியில் செய்த பிரஷ்ஷைத் தந்தால் வாங்காதீர்கள். நம் நாட்டில் கீரி, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கு. அந்த பிரஷ்ஷை விற்பது குற்றம். முடியைச் சேகரிப்பதற்காகக் கீரிகளைக் கொல்கிறார்கள். நம் வாழ்த்து அட்டைக்காக ஓர் உயிர் போக வேண்டாம்.

பராமரிப்பு எளிது. வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் அலசி, உள்ளங்கையில் குளியல் சோப்பைக் குழைத்து அதில் சுழற்றிக் கழுவி, நுனியை விரலால் கூராக்கிப் படுக்கவைத்து உலர்த்துங்கள். ஈரத்தோடு நிமிர்த்தி வைத்தால் நீர் உலோகப் பூணுக்குள் இறங்கி, முடியைப் பிடித்திருக்கும் பசையை இளக்கிவிடும். வெந்நீரும் அதையேதான் செய்யும். தண்ணீர் டம்ளரில் தலைகீழாக நிறுத்தி வைத்த பிரஷ்ஷின் நுனி வளைந்துவிடும். பிறகு சரியாவது கடினம்.

இதழில் கலர் சீராகப் பரவாமல், ஓரத்தில் காலிஃபிளவர் மாதிரி கறை விரிகிறது. எப்படித் தவிர்ப்பது?
– வாசகி, திருநெல்வேலி

பாதி காய்ந்த இடத்தில், அதைவிட ஈரமான பிரஷ் பட்டிருக்கிறது. புது நீர், அங்கிருந்த வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சேர்க்கிறது. அதுதான் அந்தக் கறை.

ஓர் இதழை எடுத்துக்கொள்ளுங்கள். 4-ம் எண் பிரஷ்ஷால் வெறும் நீரை இதழுக்குள் மட்டும் தடவுங்கள். கோட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உள்ளேயே நிற்கட்டும். தாளைச் சாய்த்துப் பார்த்தால் மினுமினுக்க வேண்டும், குளம் கட்டக் கூடாது. இதழின் அடியில், நிழல் விழும் பக்கத்தில், கெட்டியான வண்ணத்தை ஒரு புள்ளியாக வையுங்கள். பிரஷ்ஷைக் கழுவி டிஷ்யூவில் ஒற்றி, ஈரப்பதமான நுனியால் அந்த வண்ணத்தை மேல்நோக்கி இழுங்கள். இரண்டு, மூன்று இழுப்போடு நிறுத்திவிடுங்கள். மினுமினுப்பு மறையத் தொடங்கிவிட்டால், குறை தெரிந்தாலும் தொடாதீர்கள். முழுக்கக் காய்ந்த பிறகு இன்னொரு பூச்சுப் பூசிக்கொள்ளலாம். பக்கத்துப் பக்கத்து இதழ்களை ஒன்று விட்டு ஒன்றாகத் தீட்டினால், ஒன்றின் ஈரம் மற்றதில் கலக்காது.

தாளும் முக்கியம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) வாட்டர் கலர் தாள் எளிதில் நெளியாது. அதிலும் ‘ஹாட் பிரெஸ்’ என்ற வழவழப்பான வகையைக் கேட்டு வாங்குங்கள். சொரசொரப்பான ‘கோல்ட் பிரெஸ்’ (cold press) தாளில் ஸ்டாம்பின் மெல்லிய கோடுகள் பள்ளங்களில் விழாமல் விட்டுவிட்டு வரும்.

காப்பிக் என்ற ஆல்கஹால் மார்க்கர் விலை அதிகம். ஆறு மட்டும் வாங்குவதென்றால் எவற்றை வாங்கலாம்? அதில் இருக்கும் எண்களுக்கு என்ன அர்த்தம்?
– வாசகர், சென்னை

எழுத்து நிறக் குடும்பத்தைக் குறிக்கும்: R சிவப்பு, YG மஞ்சள் கலந்த பச்சை. முதல் இலக்கம் நிறத்தின் தூய்மை: கூடக் கூடச் சாம்பல் கலந்து மங்கும். கடைசி இலக்கம் அடர்த்தி: கூடக் கூடக் கருமை ஏறும். ஆகவே எழுத்தும் முதல் இலக்கமும் ஒன்றாக இருந்து, கடைசி இலக்கம் மட்டும் இரண்டு மூன்று தள்ளியிருக்கும் மூன்று மார்க்கர்கள் அழகாகக் கலக்கும். R22, R24, R27 ஒரு பூவுக்கு. YG03, YG06, YG09 இலைக்கு. ஆறும் முடிந்துவிட்டது. ஆறு வெவ்வேறு நிறங்களை வாங்கினால் எதையும் எதோடும் குழைக்க முடியாது.

வெளிர் நிறத்தை முழுக்கப் பூசி, நிழலில் அடர்ந்ததை வைத்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் நடு நிறத்தை ஓட்டி, கடைசியாக வெளிர் நிறத்தால் எல்லாவற்றையும் தேய்த்து இணைக்கவும். எல்லாம் ஈரமாக இருக்கும்போதே நடக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள், ஆல்கஹால் நொடியில் ஆவியாகிவிடும். நிறம் தாளுக்குள் கொஞ்சம் பரவும் என்பதால் கோட்டுக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். அடியில் ஒரு கழிவுத் தாள் கட்டாயம், மை மறுபக்கம் இறங்கும். வாட்டர் கலர் தாளில் இந்த மார்க்கர் வேண்டாம். அது மையைக் குடித்துவிடும், பிரஷ் முனையையும் பிய்க்கும்.

கலர் பென்சில் கோடுகள் தெரியாமல் குழைக்க பேபி ஆயில் தடவலாமா?
– வாசகி, புதுச்சேரி

வேண்டாம். எண்ணெய் ஆவியாகாது. தாளில் ஊறி, போகாத கறையாக நின்றுவிடும். வாசனையற்ற மினரல் ஸ்பிரிட்டை (பெயிண்டைக் கரைக்கும் திரவம்) சில துளிகள் ஒரு சிறு மூடியில் எடுத்து, சுருட்டிய காகிதக் குச்சியின் நுனியால் தொட்டு, வெளிர் பகுதியிலிருந்து அடர் பகுதிக்குச் சிறு வட்டமாகத் தேய்க்கவும். ஜன்னலைத் திறந்துவையுங்கள், அருகில் விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. பென்சில் மெழுகு அல்லது எண்ணெய் சேர்ந்ததாக இருந்தால்தான் இது பலிக்கும். நீரில் கரையும் பென்சிலுக்கு ஈர பிரஷ்ஷே போதும்.

ஸ்டாம்பின் மேலேயே பல நிறம் பூசி அடிக்க முடியுமா?
– வாசகி, சேலம்

முடியும், அழகாகவும் வரும். நீரில் கரையும் பிரஷ்-முனை மார்க்கர் வேண்டும். டாம்போ போன்றவை சரி. ஆல்கஹால் மார்க்கர் உடனே காய்ந்துவிடுவதால் பயன்படாது. ரப்பரின் மேல் வெளிர் நிறத்தை முதலில் பூசுங்கள். நீலம் போன்ற அடர் நிறத்தை முதலில் பூசினால், மஞ்சள் மார்க்கரின் முனை அதை இழுத்துக்கொண்டு பச்சையாகிவிடும். பூசி முடித்ததும் வாயருகே வைத்து இரண்டு முறை ‘ஹா’ என்று ஊதுங்கள். மூச்சின் ஈரம் காயத் தொடங்கிய மையை எழுப்பும். உடனே அடித்து, நேராகத் தூக்குங்கள். புதிய கண்ணாடி ஸ்டாம்பில் (ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் வகை) மை துளித்துளியாக ஒதுங்கினால், பென்சில் ரப்பரால் அதன் முகத்தை ஒருமுறை மெல்லத் தேய்த்துவிடுங்கள்.

ஸ்டாம்பில் படிந்த மையைப் போக்க மண்ணெண்ணெய் பயன்படுத்தலாமா?
– வாசகர், நாகர்கோவில்

கூடாது. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ரப்பரை ஊதவைக்கும், நுணுக்கமான கோடுகள் போய்விடும். சாய மைக்கு ஈரத்துணியே போதும். இடுக்குகளுக்குப் பழைய மிருதுவான பல் பிரஷ். ஸ்டேஸ்ஆன் மைக்கு அதற்கென்று விற்கும் கிளீனரை ரப்பர் ஸ்டாம்பில் மட்டும் பயன்படுத்துங்கள், கண்ணாடி ஸ்டாம்பை அது கெடுக்கும். மரக்கட்டையில் ஒட்டிய ஸ்டாம்பை நீரில் ஊறவைக்காதீர்கள். ஒட்டு விட்டுவிடும். கழுவியதும் துடைத்து, வெயில் படாத டப்பாவில் ரப்பர் முகம் கீழே இருக்குமாறு வையுங்கள்.