சோறு, சர்க்கரை, கருவாடு: மருத்துவர் பதில்கள்

மன்னார்குடி பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்:

நீடாமங்கலத்திலிருந்து: மாமியாருக்குச் சர்க்கரை. சோற்றை நிறுத்தி மூன்று வேளையும் சப்பாத்தி கொடுக்கலாமா டாக்டர்?

வேண்டாம்மா. கோதுமையும் மாவுச்சத்துதான். சோறு ஒரு கப்போடு நிற்கட்டும். தட்டில் பாதி கீரை, புடலை, அவரை என்று இருக்கட்டும். காயை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள்.

காபிக்கு நாட்டுச் சர்க்கரை போடலாமா?

அதுவும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். மாற்றிப் பயனில்லை, குறைக்கத்தான் வேண்டும்.

திருத்துறைப்பூண்டி, கிராமச் செவிலியர்: என்ன சொன்னாலும் சர்க்கரை நோயாளிகள் "சரி சிஸ்டர்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த மாதமும் அதே சர்க்கரையோடு வருகிறார்கள். எப்படித்தான் பேசுவது?

நானும் ஆரம்பத்தில் "சோத்தக் குறைங்க, இனிப்பு தொடாதீங்க" என்று அரை நிமிடத்தில் சொல்லி அனுப்பியவன்தான். பலிக்கவில்லை. இப்போது "நேத்து காலையிலேர்ந்து என்னென்ன சாப்பிட்டீங்க?" என்றுதான் தொடங்குகிறேன். இனிப்பே தொடுவதில்லை என்று சொன்ன ஓர் அம்மா, வயலில் இரண்டு டீ, வீட்டில் இரண்டு டீ, எல்லாம் சர்க்கரை போட்டுத்தான் குடிக்கிறார். அவர் கணக்கில் டீ இனிப்பில் சேராது! இரண்டை நிறுத்துகிறேன் என்று அவரே சொன்னார், நிறுத்தவும் செய்தார். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் போதும், அதை அவர்களே சொல்லட்டும்.

இன்னொன்று. நடவு, அறுப்பு இரண்டுக்கும் இப்போது இயந்திரம் வந்துவிட்டது. சோற்றின் அளவு மட்டும் குனிந்து நட்ட காலத்தில் இருந்தபடியே இருக்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லாமல் எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். வீட்டில் சமைத்துப் பரிமாறுகிறவரையும் கூட உட்கார வையுங்கள். பல வீடுகளில் கரண்டி அவர் கையில்தான் இருக்கிறது.

நாகப்பட்டினத்திலிருந்து: அப்பாவுக்குப் பிரஷர். கருவாடு இல்லாமல் சாப்பிடமாட்டார்.

ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். தினமும் கருவாடு என்றால் அது நடக்காது. எப்போதாவது செய்தால் நன்றாக ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீரை மாற்றுங்கள். குழம்புக்குத் தனியாக உப்பு வேண்டாம். அன்றைக்கு அப்பளம், ஊறுகாய் கூடவே கூடாது.

ஆடி வெள்ளி விரதத்தன்று சர்க்கரை மாத்திரை போடலாமா?

சில மாத்திரைகளைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வியர்வை, கைநடுக்கம், தலைச்சுற்றல் வந்தால் விரதத்தைப் பார்க்காமல் உடனே சர்க்கரை கரைத்த தண்ணீர் குடியுங்கள். விரதத்துக்கு ஒரு வாரம் முன்பே மாத்திரைகளை எடுத்துக்கொண்டு உங்கள் சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.